இரட்டைச் சைக்கிள்: ஞாயிறு காலையில் எங்களை மறித்துக் கேட்கும் கேள்விகள்

ஞாயிறு விடிய ஐந்தரைக்கு வெள்ளவத்தையில் இறங்கி, மரைன் டிரைவ் வழியாகக் காலிமுகத்திடல் மட்டும் போய்த் திரும்புவது எங்கள் வழக்கம். இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கும் டான்டம் என்ற இரட்டைச் சைக்கிள்; முன்னுக்கு என்னவர், பின்னுக்கு நான். எங்கே கால் ஊன்றினாலும் யாராவது கிட்ட வருவார்கள். நடக்க வந்த ஐயாமார், பிள்ளையைக் கையில் பிடித்த அம்மாமார், ஒருநாள் கடமையில் நின்ற பொலிஸ்காரரும் வந்தார். கேள்விகள் சுற்றிச் சுற்றி அவையேதான். கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன். பதில் சொல்வது பின்சீற்காரி என்பதால் பக்கச்சார்பு இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

பின்னுக்கு இருக்கிறவை உண்மையிலயே மிதிக்கினமா, இல்லாட்டி சும்மா காலை வச்சுக்கொண்டு இருக்கினமா?

கால் சும்மா இருக்க விடாது. முன் பெடலையும் பின் பெடலையும் இடப்பக்கத்தில் ஒரு செயின் இணைக்கிறது. பின் பெடலிலிருந்து பின் சில்லுக்கு வழக்கம்போல வலப்பக்கத்தில் இன்னொரு செயின். அவர் கால் சுற்றினால் என் காலும் சுற்றியே ஆகவேண்டும். பலம் கொடுக்காமல் காலைச் சுற்றவிட்டு ஏமாற்றலாம்தான். ஆனால் முன்னுக்கு இருப்பவருக்கு அது இரண்டு மிதியில் தெரிந்துவிடும்.

ஆங்கிலத்தில் முன் ஆளைக் கப்டன் என்றும், பின் ஆளை ஸ்ரோக்கர் என்றும் சொல்வார்கள். ஸ்ரோக்கர் என்றால் ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிறவர். பேரிலேயே யார் உழைப்பு என்று தெரிகிறது.

எங்க வாங்கினீங்கள்? கொழும்பில கிடைக்குமோ?

எங்களுடையது பழையது. நாட்டைவிட்டுப் போன ஒரு வெளிநாட்டுக் குடும்பம் விற்றது. கடையில் புதிதாக நிற்பதைக் காண்பது அரிது, சொல்லிவைத்துத்தான் எடுக்கவேண்டும். டாம் வீதிச் சைக்கிள் கடைகளில் ஒரு காலைப்பொழுது நடந்து விசாரியுங்கள். பழைய சைக்கிள் இறக்குகிறவர்களிடமும் சொல்லிவையுங்கள். 2022இல் பெற்றோல் இல்லாத மாதங்களில் எந்தத் துருப்பிடித்த சைக்கிளுக்கும் தலைகால் தெரியாத விலை கேட்டார்கள். அந்தக் காலம் போய்விட்டது, ஆகையால் அவசரப்படாதீர்கள்.

பழையதைப் பார்க்கும்போது பெயின்ற்றைப் பார்க்காமல் மூன்று இடங்களைப் பாருங்கள். முன் பெடலின் நடு அச்சுக் கூடு இறுகிப் பிடித்திருக்கிறதா? பின் சில்லு நேராகச் சுற்றுகிறதா? குழாய்கள் சேரும் மூலைகளில் மயிரிழை வெடிப்பு உண்டா? கடைசியில் வெடிப்பைக் கண்டால் பேரம் பேசவே வேண்டாம்.

ரெண்டு லேடீஸ் சைக்கிளை வெட்டி ஒட்டினா ஒரு டான்டம் வந்திடும்தானே?

வரும், ஓடவும் ஓடும். ஆனால் நீளம் கூடக் கூடக் குழாய் முறுகத் தொடங்கும். உண்மையான இரட்டைச் சைக்கிளில் தடித்த குழாய்களும், இரண்டு நடு அச்சுகளையும் கீழால் இணைக்கும் பருத்த குழாயும் இருப்பது அதற்காகத்தான். ஒட்டின சைக்கிளில் இரண்டு பேர் எழும்பி மிதித்தால் முன்பக்கம் ஒரு பக்கம் போக, பின்பக்கம் மற்றப் பக்கம் போகும்.

பட்டறைகள் வழக்கமாகத் தவறும் ஒரு நுட்பமும் இருக்கிறது. இடப்பக்கச் செயினுக்காக வலப்பக்கத்துக் கிராங்கை (பெடலைத் தாங்கும் கை) தூக்கி இடப்பக்கம் மாட்டுவார்கள். வலப் பெடலின் மரை வலஞ்சுழி, இடப் பெடலின் மரை இடஞ்சுழி. மாற்றிப் போட்ட பெடல் மிதிக்க மிதிக்கத் தானாகக் கழரும். அப்படியொரு சைக்கிள் உங்களிடம் ஏற்கெனவே இருந்தால், இரண்டு செயினையும் வலப்பக்கத்திலேயே ஓடவிடும்படி மாற்றச் சொல்லுங்கள். பின் கிராங்கில் இரண்டு பல்சில்லு இருந்தால் போதும். வளவுக்குள்ளே பிள்ளைகள் ஓட அது சரி. காலி வீதிக்குக் கொண்டுவராதீர்கள்.

ஏறும்போதே விழுந்திடுவம் போல கிடக்கு. எப்படி ஏறுறது?

ஒருவர் பின் ஒருவராக ஏறுங்கள். முன் ஆள் காலை அகட்டி நின்று, இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடிப்பார். பிறகு பின் ஆள் ஏறி இருந்து, இரண்டு பெடலிலும் கால் வைப்பார். முன் ஆளுக்கு எந்தக் கால் வசதியோ அந்தப் பெடலை மேலே கொண்டுவந்து கொடுப்பதும் பின் ஆளின் வேலை. 'சரி' என்ற சொல் வந்த பிறகுதான் பிரேக் விடப்படும். நிற்கும்போது முன் ஆள் மட்டும் கால் ஊன்றுவார். பின்னுக்கு இருப்பவர் காலை இறக்கினால்தான் விழுகை. நாங்கள் விழுந்த இரண்டு தடவையும் அப்படித்தான், இரண்டும் என் பிழை.

ஓடும்போது நாலு சொல் போதும். 'பள்ளம்', 'நிப்பாட்டுறன்', 'விடு' (மிதியாதே என்று பொருள்), 'கியர்'. கியர் என்றால் ஒரு கணம் காலைத் தளர்த்தவேண்டும். இரண்டு பேரின் பலத்தோடு கியர் மாற்றினால் செயின் கதறும்.

கையில கொஞ்சக் காசுதான் கிடக்கு. முதல்ல எதை மாத்திறது?

பிரேக் பிடிக்காவிட்டால் முதலில் பிரேக். அது ஒழுங்காக இருந்தால் முதல் ரூபாய் பின்சீற்றுக்கு. முன்சீற், ஹாண்டில் பிடி, மணி, போத்தல் தாங்கி எல்லாம் பிறகு பார்க்கலாம்.

காரணத்தைக் கேளுங்கள். முன்னுக்கு இருப்பவர் பள்ளத்தைக் காண்கிறார். கண்டதும் உடம்பை அறியாமலே சற்றுத் தூக்குகிறார், முழங்கையை மடிக்கிறார். பின்னுக்கு இருப்பவருக்குத் தெரிவது ஒரு முதுகு மட்டும். பள்ளம் வந்த பிறகுதான் பள்ளம் என்று தெரியும். அதோடு பின்சீற் பின் சில்லுக்கு மேலேயே கிடப்பதால் அடி நேராக நாரியில் இறங்கும். முதுகு நோவெடுத்த ஆள் அடுத்த ஞாயிறு வரமாட்டார், ஒரு ஆளோடு இந்தச் சைக்கிள் ஓடி என்ன பயன்?

ஆகவே அதிர்வு தாங்கும் சீற்போஸ்ட் (சீற்றைத் தாங்கும் குழாய்) வாங்குங்கள். குழாய்க்குள் ஸ்பிரிங் வைத்து மேலும் கீழும் அசைவது ஒரு வகை. மலிவு, பரவாயில்லாத வேலை செய்யும். இரண்டு கைகள் மடிந்து சீற்றைப் பின்னோக்கிச் சாய்க்கும் இணைகர வகை விலை கூடியது. இரட்டைச் சைக்கிள்காரர்கள் வெகுகாலமாகப் பாவிக்கும் தட்பஸ்டர் அந்த வகைதான். எதை வாங்கினாலும் உட்காருகிறவரின் எடைக்கேற்ற ஸ்பிரிங் அல்லது ரப்பர் போடவேண்டும், இல்லாவிட்டால் மரக்கட்டையில் இருந்ததுபோலத்தான். குழாயின் விட்டத்தை அளந்துகொண்டு போங்கள். 27.2 மில்லிமீற்றர் பரவலாக உண்டு, உங்களுடையது அதுவாகத்தான் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். எங்கள் வீட்டில் இந்த ஒரு சாமானுக்காக ஒரு வருஷம் வாக்குவாதம் நடந்தது. அது எப்படி முடிந்தது என்பதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

பஞ்சு மாதிரி மெத்தெண்ட சீற் போட்டா போதாதோ?

பத்து நிமிஷத்துக்குப் போதும். அரை மணிக்குப் பிறகு மெத்து அமிழ்ந்து, நடுப்பகுதி மேலெழும்பி, நோகக் கூடாத இடத்தில் நோகும். இருக்கை எலும்பு இரண்டும் ஊன்றக்கூடிய அகலத்தில், ஓரளவு இறுக்கமான சீற்தான் நல்லது. பின்னுக்கு இருப்பவர் முன்னவரைவிடக் குறைவாக அசைவதால் சில்லறைக் குறைகளும் பெரிதாகத் தெரியும். பத்து, பதினைந்து நிமிஷத்துக்கு ஒருதரம் 'எழும்புறன்' என்று சொல்லிவிட்டு எழுந்து நின்று கொஞ்சம் மிதியுங்கள். சொல்லாமல் எழும்பினால் சைக்கிள் ஆடும், முன்னுக்கிருந்து ஏச்சு வரும்.

எனக்குக் கை எட்டுதில்லை, அவர் சீற்றை உயர்த்த என்ர ஹாண்டிலும் உயருது. ஏன்?

பின் ஹாண்டிலைத் தாங்கும் ஸ்ரெம் முன்சீற்றின் குழாயில்தான் பூட்டப்பட்டிருக்கிறது. அவர் குழாயை இழுத்தால் உங்கள் ஹாண்டிலும் கூடவே போகும். ஸ்ரெம்மின் பூட்டைத் தளர்த்தி, குழாயில் திரும்பக் கீழே இறக்கிப் பூட்டுங்கள். நீளம் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்ரெம் கிடைத்தால் இன்னும் நல்லது. இரண்டு சீற்போஸ்ட்டிலும் கோடு ஒன்று கீறியிருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு இழுக்கக்கூடாது.

ஹாண்டிலின் அகலமும் முக்கியம். ஒடுக்கமாக இருந்தால் அவருடைய தொடை ஒவ்வொரு மிதிக்கும் உங்கள் விரல் மூட்டில் வந்து இடிக்கும். அவருடைய இடுப்பைவிட அகலமாகப் பாருங்கள். சீற் உயரத்துக்குப் பழைய கணக்கே போதும்: பெடல் அடியில் நிற்கும்போது குதிக்காலை வைத்தால் கால் நேராக நீளவேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்து மிதித்தால் முழங்கால் சற்று மடிந்து நிற்கும்.

எந்த ரயர் நல்லது? கடையில 26 எண்டு கேட்டன், தந்தது ஏறேல்ல.

26 என்று சொல்லி ஒன்றுக்கொன்று பொருந்தாத ரயர்கள் விற்கிறார்கள். எங்கள் சாதாரண சைக்கிளின் 26 x 1⅜ ரயர் உட்காரும் றிம்மின் விட்டம் 590 மில்லிமீற்றர். மவுண்டன் சைக்கிளின் 26 x 1.75 என்றால் 559. அப்பாமார் ஓடிய 28 x 1½ என்றால் 635, ரேசிங் சைக்கிள்காரர் சொல்லும் 700C என்றால் 622. பழைய ரயரின் பக்கத்தில் 47-559 போல இரண்டு எண் இருக்கும். இரண்டாவது எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

பொருந்துவதற்குள் அகலமானதை எடுங்கள். ஆட்கள் இருவர் 130 கிலோ, சைக்கிள் 20 கிலோ என்றாலும் 150 கிலோ இரண்டே ரயரில் நிற்கிறது. ஒடுங்கிய ரயர் ஒவ்வொரு பள்ளத்திலும் றிம்மோடு நசிந்து ரியூப்பில் பாம்பு கடித்ததுபோல இரண்டு ஓட்டை போடும். தானாகக் காற்று இறங்கும் என்பதால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் அடியுங்கள். பக்கத்தில் அச்சடித்த உச்ச அளவுக்குக் கிட்டப் பின் சில்லுக்கு, கொஞ்சம் குறைவாக முன் சில்லுக்கு.

பின் சில்லில கம்பி அடிக்கடி அறுகுது. பாரத்தாலயோ?

பாரம் காரணம்தான். ஆனால் அறுகிற கம்பியை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் அடுத்தது அறுகும். தளர்ந்த சில்லில் ஒவ்வொரு கம்பியும் வளைந்து நிமிர்ந்து களைத்து அறுகிறது. நல்ல கைக்காரரிடம் கொடுத்து எல்லாக் கம்பியையும் ஒரே இறுக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். 36 கம்பிக்குக் குறைந்த சில்லை இரட்டைச் சைக்கிளுக்குப் போடாதீர்கள். பிரித்தானிய ராலி வகைச் சைக்கிள்களில் முன்னுக்கு 32, பின்னுக்கு 40 கம்பி வைத்தது சும்மா இல்லை, அந்தக் கரியரில் நெல்லு மூட்டை போனது.

புதிய சில்லு வாங்குமுன் பின் சில்லு மாட்டும் கவையின் உள் அகலத்தை அளந்து பாருங்கள். பழைய ரோட் சைக்கிள் 130, பழைய மவுண்டன் 135 மில்லிமீற்றர். இரட்டைச் சைக்கிளுக்கென்றே 140, 145, 160 என்றும் உண்டு.

மழைக்கு பிரேக் பிடிக்குதே இல்லை, என்ன செய்யிறது?

முதலில் றிம்மைத் தொட்டுப் பாருங்கள். குரோம் பூசிய இரும்பு றிம் நனைந்தால் றப்பர் வழுக்கும், எந்தப் பிரேக் கட்டையும் அதைச் சரிக்கட்டாது. அலுமினிய றிம் போட்டால் வித்தியாசம் முதல் மழையிலேயே தெரியும். சைக்கிளின் சட்டத்தில் (பிரேமில்) பூட்ட இடமிருந்தால் டிஸ்க் பிரேக், அதுவும் பெரிய தட்டோடு. பின் பிரேக்கின் கேபிள் இங்கே நீளம். சாதாரணக் கேபிள் எட்டாது என்று கடைக்காரர் இரண்டைச் சேர்த்து முடிந்து தருவார். வாங்காதீர்கள், நீளக் கேபிளாகத் தேடி எடுங்கள்.

முன் பிரேக்கை இறுக்கினால் குப்புற விழுவோம் என்ற பயம் தனிச் சைக்கிளில் சரி. இதில் நீளம் கூடவாகவும், பின்னுக்கு ஒரு ஆள் பாரமாகவும் இருப்பதால் பின் சில்லு கிளம்பாது. முன் பிரேக்கைத் துணிந்து பிடிக்கலாம். நனைந்த தெருவில் மட்டும் அடக்கி.

இடப்பக்கச் செயின் தொளதொள எண்டு ஆடுது, கழண்டும் போகுது.

தனிச் சைக்கிள் என்றால் பின் சில்லை இழுத்து இறுக்குவீர்கள். இங்கே இரண்டு முனையும் சட்டத்தில் நிற்பவை, இழுக்க இடமில்லை. அதற்காக முன் நடு அச்சு ஒரு உருண்டைக் கூட்டுக்குள் மையம் தப்பி வைக்கப்பட்டிருக்கும். பூட்டாணியைத் தளர்த்தி அந்தக் கூட்டைச் சுற்றினால் அச்சு முன்னுக்குப் போகும், செயின் இறுகும். பெடலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, செயின் மிக இறுகி நிற்கும் இடத்தில் வைத்து, நடுவில் ஒரு சென்ரிமீற்றர் அளவு மேலும் கீழும் ஆடும்படி விட்டுப் பூட்டுங்கள். கம்பிபோல இறுக்கினால் அச்சுக் குண்டுகள் தேயும்.

செயின் தேய்ந்து மாற்றுவதென்றால் ஒரு பெட்டி போதாது. நடு அச்சுகளுக்கு இடையே 70 சென்ரிமீற்றர், இரண்டு பக்கமும் 38 பல் என்றால் ஏறக்குறைய 148 கண்ணி வரும். கடைப்பெட்டியில் 112 அல்லது 116தான் இருக்கும். ஒரே வகைச் செயின் இரண்டை வாங்கிச் சேருங்கள். கழற்றுமுன் முன், பின் கிராங்க் இரண்டும் எந்தத் திசையில் நிற்கின்றன என்று ஒரு படம் எடுத்துவையுங்கள்.

அவருக்குக் கால் நீளம், எனக்குக் கட்டை. ஒரே வேகத்தில மிதிக்க நோகுது.

இரண்டு பேரும் ஒரே எண்ணிக்கையில்தான் சுற்றியாகவேண்டும், அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. பெரிய சுற்றா சிறிய சுற்றா என்பதை மட்டும் மாற்றலாம். கட்டைக் காலுக்கு 170 மில்லிமீற்றர் கிராங்குக்குப் பதிலாக 160, 155 போல ஒன்றைப் போட்டால் முழங்கால் நெஞ்சுக்கு வராது. மாற்றிய பிறகு சீற்றை அதேயளவு உயர்த்த மறக்கவேண்டாம்.

சிலர் பெடல்களை ஒன்றுக்கொன்று 90 பாகை விலக்கிப் போடுவார்கள். ஒருவர் பலம் குறையும் இடத்தில் மற்றவர் மிதிப்பார், செயினுக்கு இழுவை சீராக இருக்கும். நாங்கள் ஒரு மாதம் ஓடிப் பார்த்தோம். எழும்பி மிதிக்க முடியவில்லை, இரண்டு பேர் வேறு வேறு பாட்டுக்கு ஆடுவதுபோல இருந்தது. திரும்ப ஒரே நிலைக்கு மாற்றிவிட்டோம்.

சல்வார் போட்டுக்கொண்டு ஓடலாமோ?

ஓடலாம், துப்பட்டாவை வீட்டில் விட்டுவிட்டு. சாதாரண சைக்கிளில் இடப்பக்கம் பத்திரமான பக்கம் என்று காலும் கையும் பழகிவிட்டன. இதில் இடப்பக்கத்திலும் செயின் ஓடுகிறது, அதுவும் முன்னுக்கிருந்து பின்னுக்கு நீளமாக. இரண்டு பக்கத்துக்கும் செயின் மூடி, பின் சில்லுக்கு லேடீஸ் சைக்கிளில் வரும் வலை. மூன்றும் போட்டால் சேலையே கட்டலாம் என்கிறார் அவர். கட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

பிளற்றில இருக்கிறம். இதை எங்க வைக்கிறது?

லிஃப்ற்றுக்குள் போகாது. நீளம் இரண்டேகால் மீற்றருக்கு மேல், நிமிர்த்திப் பிடித்தாலும் கூரை தட்டும். கீழே வாகனத் தரிப்பிடச் சுவரோடு நிறுத்த முகாமையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடலுக்கு இரண்டு தெரு இப்பால் என்றால் உப்புக்காற்றுத்தான் பெரிய எதிரி. மரைன் டிரைவில் ஓடிய நாளில் நல்ல தண்ணியில் நனைத்த துணியால் துடைத்து, செயின் காய்ந்தபின் ஒரு சொட்டு எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசினாகும். சீற்போஸ்ட்டை ஆறு மாதத்துக்கு ஒருதரம் கழற்றிக் கிறீஸ் பூசுங்கள், இல்லாவிட்டால் அது குழாயோடு ஒன்றாகிவிடும்.

எட்டு வயசுப் பிள்ளையைப் பின்னுக்கு ஏத்தலாமோ?

கால் பெடலுக்கு எட்டினால் ஏற்றலாம். எட்டாவிட்டால் பின்சீற்றின் கீழ்க்குழாயில் பூட்டும் உயர்ந்த கிராங்க் செற் உண்டு. குட்டிப் பெடல்கள் மேலே சுற்றும், அங்கிருந்து ஒரு சிறு செயின் கீழே இறங்கும். பெடலில் காலைப் பிடித்துவைக்கும் பட்டியும் தேவை. பெடல் நிற்காமல் சுற்றுவதால் கால் தவறினால் கெண்டைக்காலில் அடிக்கும். முன் இருப்பவர் 'விடு' சொல்லாமல் மிதியை நிறுத்தக்கூடாது என்பதைப் பெரியவருக்குத்தான் சொல்லவேண்டும்.

என்ர தம்பிக்குக் கண் தெரியாது. அவன் ஓடலாமோ?

தாராளமாக. பாராலிம்பிக் சைக்கிளோட்டத்தில் பார்வை குறைந்தவர்கள் இரட்டைச் சைக்கிளில்தான் போட்டியிடுகிறார்கள். பின்னுக்கு அவர், முன்னுக்குப் பார்வையுள்ளவர். நான் மேலே சொன்ன நாலு சொல்லோடு, திருப்பத்துக்கு முன் 'இடம்', 'வலம்' என்பதையும் சேருங்கள். உண்மையில் பின்சீற்றில் எல்லாரும் முன்பக்கம் காணாதவர்கள்தான். உங்கள் தம்பி எங்களைவிட விரைவாகப் பழகுவார்.

முதல் ஓட்டத்தை ஞாயிறு விடியப் பத்தரமுல்லையில் தியவன்னா ஓயாப் பக்கம் வையுங்கள். தெரு அகலம், சத்தம் குறைவு. ரயில் கடவைகளை முதல் நாளே கடக்கவேண்டாம். தண்டவாளத்தைக் குறுக்காக, நேர்கோணத்தில் கடக்கத் தெரியவேண்டும், நனைந்திருந்தால் இறங்கித் தள்ளுவதே மேல்.

இதில கண்டிக்குப் போகலாமோ?

போகலாம், கியர் இருந்தால். கொழும்புக்குள் மூன்று கியர் தாராளம். கடுகண்ணாவை ஏற்றத்துக்கு முன் பல்சில்லில் சிறியதும், பின்னுக்குப் பெரியதும் வேண்டும். சமதரையில் இரண்டு பேர் ஒரே காற்றைக் கிழித்துப் போவதால் தனிச் சைக்கிளை முந்தலாம். ஏற்றத்தில் அந்த இலாபமெல்லாம் போய்விடும்.

பயப்படவேண்டியது இறக்கத்துக்கு. 150 கிலோவை றிம் பிரேக்கால் நீண்ட நேரம் இழுத்துப் பிடித்தால் றிம் சூடேறி ரயர் வெடிக்கலாம். நுவரெலியா போன்ற 1868 மீற்றர் உயரத்திலிருந்து இறங்குவதென்றால், வேகத்தை இழுத்துவைக்க மட்டும் மூன்றாவதாக ஒரு பிரேக் பூட்டுவார்கள். அதன் பிடியைப் பின் ஆளிடம் கொடுப்பதும் உண்டு. அது இல்லாவிட்டால் விட்டுவிட்டுப் பிடியுங்கள், இடையிடையே நின்று ஆறவிடுங்கள்.

ஆள் மாறி ஓடினா என்ன? நீங்கள் முன்னுக்கு, அவர் பின்னுக்கு?

பாரமானவர், உயரமானவர் முன்னுக்கு என்பதுதான் பொதுவழக்கம். சட்டமும் முன்பக்கம் உயரமாகத்தான் செய்யப்பட்டிருக்கும். பின்னுக்குப் பாரம் கூடினால் முன்னவரின் கையில் சைக்கிள் நிற்காது. ஆனாலும் வாங்கின முதல் வருஷம் ஒருதரம் மாறிப் பார்த்தோம். சீற் இரண்டையும் மாற்றி, சுதந்திர சதுக்கத்தைச் சுற்றி ஒரே ஒரு வட்டம். நான் தடுமாறி ஓடினேன், எந்தப் பள்ளத்தையும் சொல்ல நேரம் வரவில்லை.

இறங்கி நாரியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், "நீர் ஏன் உதை முந்தியே சொல்லேல்லை?" என்றார். ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். அடுத்த நாள் பின்சீற்போஸ்ட்டின் விட்டத்தை அளந்துகொண்டு டாம் வீதிக்குப் போனது அவர்தான்.